முழங்கால் சில்லு உடைந்தால்...

காலை நீட்டித் தளர்வாக உட்கார்ந்துகொண்டு முழங்கால் மீது கையை வைத்துப் பாருங்கள். சின்ன வயதில் பாண்டி ஆடினோமே, அந்தச் சில்லைப் போல ஓர் எலும்பு இப்படியும் அப்படியும் நகருகிறதல்லவா? ஈர முற்றத்தில் வழுக்கி, முழங்கால் அடிபட விழுந்தால் உடையக் கூடியது இதுதான்.

'உடைந்தால் என்ன? மாவுக்கட்டுப் போட்டால் கூடிவிடாதா?' என்பீர்கள். வெறும் விரிசலானால் கூடிவிடும். 4 முதல் 6 வாரம் பொறுத்தால் போதும். குறுக்கே இரண்டாகப் பிளந்துவிட்டால்தான் சங்கடம். தொடைத் தசை மேல் துண்டை மேலே இழுத்துவிடும். படுத்தபடியே காலை மடக்காமல் தூக்கச் சொன்னால் தூக்க வராது. 'எண்ணெய் போட்டு உருவினால் சரியாகும்' என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னால், காபி கொடுத்து அனுப்பிவிட்டு எக்ஸ்ரே எடுக்கப் போங்கள்.

ஒரு காலத்தில் டாக்டர்களே முழங்கால் மூட்டைத் திறக்க நடுங்கினார்கள். சீழ் பிடித்தால் காலை, சில சமயம் உயிரையே, இழக்க நேரிடும். 1877-ல் லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தின் துணையோடு மூட்டைத் திறந்து, உடைந்த சில்லை வெள்ளிக் கம்பியால் கட்டினார். நோயாளி பிழைத்தார், சில்லும் கூடியது.

பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. 1937-ல் ப்ரூக் என்ற ஆங்கிலேய டாக்டர், 'சில்லே வேண்டாம், எடுத்தெறியுங்கள்' என்றார். பலரும் எடுத்தெறிந்தார்கள்! கதவைக் கீலுக்கு அருகே கை வைத்துத் தள்ளிப் பாருங்கள். பிறகு விளிம்பில் தள்ளிப் பாருங்கள். எது சுலபம்? தொடைத் தசைக்கு அந்த விளிம்பைத் தருவது சில்லுதான். அது போய்விட்டால் காலை நீட்டத் தசை 15 முதல் 30 சதவிகிதம் அதிகமாகப் பாடுபட வேண்டும். மாடிப்படி ஏறும்போது தெரியும். அதனால் இப்போது பொடிப்பொடியாக நொறுங்கினாலொழிய முழுச் சில்லையும் எடுப்பதில்லை.

இன்றைய முறையின் சூட்சுமத்தைச் சொன்னவர் ஜெர்மானியரான பாவெல்ஸ். சில்லுக்குள் மேலிருந்து கீழாக இரண்டு மெல்லிய எஃகு ஊசிகளைச் செலுத்தி, முன்புறத்தில் கம்பியை 8 போல வளைத்து முறுக்குகிறார்கள். முழங்காலை மடக்கும்போது சில்லின் முன்பக்கம் பிளக்கப் பார்க்கும்; கம்பி விடாது. அந்த இழுப்பே பின்பக்கத்தில் துண்டுகளை ஒன்றோடொன்று அழுத்திச் சேர்க்கிறது. எந்த மடக்கலுக்கு எல்லாரும் பயந்தார்களோ அதுவே மருந்தாகிவிட்டது, பாருங்கள்!

ஆகவே ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் 'மெல்ல மடக்குங்கள்' என்றால், கம்பி அறுந்துவிடுமோ என்று பயந்து மாதக் கணக்கில் காலை விறைப்பாக வைத்திருக்காதீர்கள். மூட்டு இறுகிவிடும். பழையபடி சப்பணமிட்டு உட்கார முடியுமா? பலருக்கு முடிகிறது, உட்பக்கம் வழவழப்பாகக் கூடாதவர்களுக்குக் கொஞ்சம் வலி தங்கிவிடுவதும் உண்டு.

எலும்பு கூடிய பிறகு கம்பி உறுத்தினால் எடுத்துவிடுகிறார்கள். எவர்சில்வர்தான், ஆனால் பாத்திரக்காரனிடம் போட்டால் ஒரு கரண்டிகூடத் தேறாது!