புளியங்கொட்டை சொல்லித் தரும் கணக்கு

பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்கு வந்ததும் பல வீடுகளில் ஒரு புதுக் கவலை தலைகாட்டும். அதுவரை கூட்டல், கழித்தல் என்று ஓடிக்கொண்டிருந்த கணக்குப் புத்தகத்தில் திடீரென்று ‘காரணிகள்’, ‘பகா எண்’, ‘மீ.பொ.கா.’, ‘மீ.சி.ம.’ என்று பெரிய பெரிய பெயர்கள்! குழந்தை முழிக்கும். அம்மாவும் முழிப்பாள். இந்த இடத்தில் பிடி நழுவினால் அடுத்து வரும் பின்னம், இயற்கணிதம் எல்லாமே கஷ்டமாகத் தோன்றும்.

மதுரையில் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலருக்கு மாலை நேரத்தில் நான் கணக்குச் சொல்லித் தருகிறேன். ஒருநாள் பூ கட்டி விற்கும் ஒரு தாய் தன் மகளை அழைத்து வந்தார். “எனக்கே கணக்கு ஆகாதுக்கா. இவளுக்கு மட்டும் எங்கேருந்து வரும்? பத்தாவதோட நிறுத்திரலாம்னு வீட்ல சொல்றாங்க” என்றார், அந்தப் பெண்ணின் முன்னாலேயே. குழந்தையின் முகம் சுண்டிப் போயிற்று.

“முழம் என்ன விலை, கால் கிலோ மல்லியில் எத்தனை முழம் வரும் என்று நிமிஷத்தில் சொல்கிறீர்களே, அது கணக்கு இல்லையா? நீங்களும் உட்காருங்கள்” என்றேன். டப்பாவிலிருந்த புளியங்கொட்டையை எடுத்துத் தரையில் கொட்டினேன்.

வரிசை வைத்துப் பாருங்கள்

12 கொட்டைகளைச் சம வரிசைகளாக அடுக்கச் சொன்னேன். ஒரே வரிசையில் 12 வைக்கலாம். இரண்டு வரிசையில் ஆறாறாக வைக்கலாம். மூன்று வரிசையில் நான்கு நான்காக வைக்கலாம். மிச்சம் இல்லாமல் அடுக்க உதவிய 1, 2, 3, 4, 6, 12 ஆகியவைதான் 12-ன் காரணிகள். அவ்வளவுதான் விஷயம்!

அடுத்து 7 கொட்டைகள். எப்படிப் புரட்டினாலும் ஒற்றை வரிசையைத் தவிர வேறு வழியில்லை. இப்படி 1-ஐயும் தன்னையும் தவிர வேறு காரணி இல்லாததே பகா எண். 1 பகா எண் அல்ல, ஏனென்றால் அதற்கு ஒரே ஒரு காரணிதான். பகா எண்ணுக்குச் சரியாக இரண்டு வேண்டும். 2 இரட்டைப்படையாக இருந்தாலும் பகா எண்தான். பரீட்சையில் பிள்ளைகள் வழுக்கி விழும் இடங்கள் இவை. 51, 57, 91 ஆகியவையும் அப்படித்தான். பார்த்தால் பகா எண் போலவே இருக்கும். ஆனால் 51 என்பது 3×17, 57 என்பது 3×19, 91 என்பது 7×13.

சமையலறைச் சல்லடை

பகா எண்களைக் கண்டுபிடிக்கச் சுமார் 2200 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் ஒரு வழி சொன்னார். 2 முதல் 100 வரை எழுதிக்கொள்ளுங்கள். 2-ஐ வைத்துக்கொண்டு அதன் மடங்குகளை அடியுங்கள். பிறகு 3, 5, 7. அதற்கு மேல் வேண்டாம், ஏனென்றால் 11×11 என்பதே 121 ஆகி 100-ஐத் தாண்டிவிடும். மாவு சலித்தாற்போல் 25 பகா எண்கள் மிஞ்சும்.

எப்படிப் பிரித்தாலும் ஒரே விடை

60-ஐ ஒரு குழந்தை 6×10 என்று பிரிக்கும், இன்னொன்று 4×15 என்று பிரிக்கும். இரண்டையும் மேலும் பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் கிடைப்பது 2×2×3×5 மட்டுமே! இதற்குத்தான் பகாக் காரணிப்படுத்தல் என்று பெயர். எந்த எண்ணுக்கும் இந்தப் பட்டியல் ஒன்றே ஒன்றுதான். வரிசை மாறலாம், உறுப்புகள் மாறாது.

இதனால் வீட்டில் என்ன பயன் என்கிறீர்களா? வளைகாப்புக்கு 24 லட்டு, 36 முறுக்கு இருக்கிறது. எல்லாப் பையிலும் ஒரே மாதிரி போட வேண்டும், மிச்சம் கூடாது. 24 என்பது 2×2×2×3, 36 என்பது 2×2×3×3. இரண்டுக்கும் பொதுவானது 2×2×3, அதாவது 12. ஆக 12 பைகள், ஒவ்வொன்றிலும் 2 லட்டு, 3 முறுக்கு. இதுவே மீ.பொ.கா.!

மீ.சி.ம.வுக்கு அறுபதாம் கல்யாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ராசி மண்டலத்தைச் சுற்ற குருவுக்குச் சுமார் 12 ஆண்டு, சனிக்குச் சுமார் 30 ஆண்டு. இரண்டுக்கும் பொதுவான மிகச் சிறிய மடங்கு 60.

பழைய ரூபாயும் ஆயிரங்கால் மண்டபமும்

1957 ஏப்ரலுக்கு முன் ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பைசல்லி, ஆக 192. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு ரூபாயைப் பங்கு போட்டால் ஆளுக்கு 64, சண்டையே இல்லை. இன்றைய 100 பைசாவில் 3 என்ற காரணி கிடையாது, அதனால் ஒன்று மிஞ்சும்.

மீனாட்சி அம்மன் கோவில் ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ள தூண்கள் 985. ஆயிரத்துக்கு 16 காரணிகள் உண்டு. 985-க்கு 1, 5, 197, 985 என்று நான்கே நான்கு. பிள்ளைகளைக் கோவிலுக்கு அழைத்துப் போகும்போது கேட்டுப் பாருங்கள்.

நம் ராமானுஜன் செய்தது

ஈரோட்டில் 1887-ல் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜனும் காரணிகளைத்தான் எண்ணிப் பார்த்தார். தனக்கு முன்னால் உள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்கள் எவை என்பது அவர் ஆராய்ச்சி. 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று அந்த வரிசை போகும். 1915-ல் இதைப் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை லண்டனில் வெளியாயிற்று. அதற்காகவே 1916-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பட்டம் அளித்தது. கல்லூரிப் பரீட்சையில் மற்றப் பாடங்களில் தேறாமல் போனவர் அவர் என்பதையும் மறக்க வேண்டாம்.

சகோதரிகளே, “எனக்குக் கணக்கு வராது” என்ற வார்த்தையைக் குழந்தை காதில் விழும்படி சொல்லாதீர்கள், முக்கியமாகப் பெண் குழந்தையிடம். அம்மாவுக்கு வராதது தனக்கும் வராது என்று அது நம்பிவிடும். அதற்குப் பதில், “வா, சேர்ந்து பார்ப்போம்” என்று ஒரு கைப்பிடி புளியங்கொட்டையை எடுங்கள். தினம் பத்து நிமிஷம், ஒரு நாளைக்கு ஓர் எண் போதும். முதலில் 18, மறுநாள் 19. ஏன் 19 அடங்கமாட்டேன் என்கிறது என்று குழந்தையே உங்களுக்குச் சொல்லட்டும்.