மதுரையில் இளவேனில்

பனி உருகி, புல் தளிர்த்து, மக்கள் கம்பளியைக் களைந்து வெளியே வரும் பருவத்தையே மேனாட்டார் வசந்தம் என்பர். தமிழர் வகுத்த இளவேனில் அத்தகையதன்று. சித்திரை, வைகாசி என்னும் இரு திங்களும் சேர்ந்த அப்பருவத்தில் வேம்பு பூக்கும், மா கனியும், குயில் கூவும், கூடவே வெயிலும் கொளுத்தும். ஆகவே தமிழ்நாட்டு நகரொன்றில் இளவேனிலை நுகர விரும்புவோர் நண்பகலை விடுத்து விடியலையும் மாலையையும் இரவையும் நாடவேண்டும்; நிழலையும் நீரையும் தேடவேண்டும். இதற்கு மதுரையைப்போல் வாய்ப்பான நகர் வேறில்லை. அதனைத் தூங்கா நகர் என்பது வெறும் புகழ்ச்சியுமன்று. பகலிற் கூடும் நாளங்காடியையும் இரவிற் கூடும் அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி தனித்தனியே விரித்துரைக்கின்றது. அல்லங்காடி இன்றும் கலையவில்லை.

1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலிலே தனுஷ்கோடி அழியும் வரையில், தலைமன்னாரிற் கப்பலேறிய இலங்கையர் அக்கரையில் இரயிலேறி மதுரையை அடைந்தனர். இப்போது கொழும்பிலிருந்து வானூர்தியிற் செல்கின்றனர். வழி மாறினும் யாத்திரிகர் பலர் செய்யும் பிழை ஒன்று மாறவில்லை. காலையில் மீனாட்சியம்மனை வணங்கி, உச்சிப்பொழுதில் உணவுண்டு, மாலையில் இராமேசுவரத்துக்கோ கொடைக்கானலுக்கோ புறப்பட்டுவிடுகின்றனர். ஏனைய மாதங்களில் இது பொறுக்கத்தக்கது. சித்திரையிலோ, வையையின் தென்கரையை மட்டும் கண்டு திரும்புபவர் விழாவிற் பாதியையே கண்டவராவர்.

நாளைத் தொடங்கவேண்டிய இடம் பூச்சந்தை. மல்லிகை வேனிற் பூ. வெயில் ஏற ஏறத்தான் செடி மொட்டுவிடும். மொட்டு விரியுமுன், கதிரவன் தோன்றுமுன் பறித்தாக வேண்டும். பறித்த மொட்டு மாட்டுத்தாவணியிலுள்ள சந்தைக்கு விடிந்தும் விடியாததுமாக மூட்டை மூட்டையாக வந்திறங்கும். காம்பு சற்றுத் தடித்து, இதழ் திண்ணெனக் கட்டி, மாலை வரை வாடாதிருப்பதே மதுரை மல்லிகையின் சிறப்பு. 2013ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. திருமண நாளும் திருவிழாவும் நெருங்கினால் விலை காலையில் ஒன்றாகவும் சற்று நேரத்தில் வேறொன்றாகவும் இருக்கும். வாங்காதவரும் அங்கு ஒருமுறை நின்று வரலாம், மணத்துக்கு விலையில்லை.

வெயில் ஏறியபின் கோயிலின் கற்றளம் காலைச் சுடும். நண்பகலில் நடையும் சாத்தப்படும். அவ்வேளையைத் திருமலை நாயக்கர் மகாலின் பருத்த தூண்களின் நிழலிலோ, தமுக்கத்தை அடுத்த காந்தி அருங்காட்சியகத்திலோ கழிக்கலாம். அருங்காட்சியகம் அமைந்துள்ள கட்டடம் இராணி மங்கம்மாளின் கோடைகால அரண்மனை. காந்தியடிகள் அரையாடை பூண்டதும் 1921ஆம் ஆண்டு செப்டெம்பரில் இம்மதுரையிலேதான். நாவறட்சிக்கு நுங்கும் நீர்மோரும் எங்கும் கிடைக்கும். சிங்களத்தில் இரமுசு எனப்படும் நன்னாரியின் பாகும், பாலும், பாதாம் பிசினும், பனிக்கூழும் சேர்ந்த சிகர்தண்டா மதுரைக்கே உரிய பானம். பருத்தி விதையை அரைத்துப் பாலெடுத்து, வெல்லமும் சுக்கும் கூட்டிக் காய்ச்சிய பருத்திப்பாலை இரவுக்கென ஒதுக்கிவைத்தல் நன்று.

இனி, விழா. மீனாட்சியம்மன் கோயிலிற் கொடியேறியபின் பன்னிரு நாட்கள் அது நடைபெறும். எட்டாம் நாள் அம்மைக்கு முடிசூட்டுவர். அன்றுமுதல் ஆவணி வரையில் மதுரையின் ஆட்சி அவளுடையது. எஞ்சிய எட்டுத் திங்களே சுந்தரேசுவரருக்கு உரியன. ஒன்பதாம் நாள் திக்குவிசயம். பத்தாம் நாள் திருக்கல்யாணம். திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும் பவளக்கனிவாய்ப் பெருமாளும் வருகின்றனர். பெருமாள் தங்கையைத் தாரைவார்த்துக் கொடுக்கின்றார். மங்கலநாண் பூட்டும் அந்நொடியில் நகரெங்கும் சுமங்கலிகள் தத்தம் மஞ்சட் கயிற்றைப் புதுப்பித்துக்கொள்வர். கோயிலுக்குள் இடம்பெறாத பெண்கள் தெருவிலும் வீட்டு வாயிலிலும் நின்றே இதனைச் செய்வர். உறவினர் வீட்டுத் திருமணம் போலக் கருதி, விருந்துண்டு மொய் எழுதுவோரும் உளர். மறுநாள் இரு பெருந்தேர்கள் மாசி வீதிகளைச் சுற்றி வரும்.

சித்திரைத் தேர் மாசி வீதியில் ஓடுவானேன்? மீனாட்சி திருமணம் முற்காலத்தில் மாசித் திங்களில் நடந்தது. அழகர்மலைப் பெருமாள் சித்திரையில் ஆற்றில் இறங்கும் விழாவோ மதுரைக்கு மேற்கேயுள்ள தேனூரில் நடந்தது. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கரே இவ்விரண்டையும் ஒரே திங்களில், ஒரே நகரிற் பொருத்தினார் என்பர். அறுவடை முடிந்து உழவர் ஓய்ந்திருக்கும் காலத்தில்தான் பெருந்தேரை இழுக்கப் போதிய கைகள் கிடைக்கும் என்று காரணம் கூறுவாருண்டு. சைவரையும் வைணவரையும் இணைக்கவே செய்தார் என்பாருமுண்டு. ஒரு காரணம் மற்றொன்றை விலக்கவேண்டியதில்லை. அரசர் விழாவை மாற்றினார். வீதிப் பெயரை மாற்றவில்லை. பழைய செய்தி அப்பெயரிலே தங்கிவிட்டது.

தேர் நிலைக்கு வரும் வேளையில் வடகரை விழித்துக்கொள்கின்றது. நகருக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அழகர்மலையிலிருந்து, கள்ளர் கோலம் பூண்டு, கையில் வளரியேந்திப் பெருமாள் புறப்படுகின்றார். வழிநெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் தங்குகின்றார். மூன்றுமாவடியில் மதுரை மக்கள் எதிர்கொண்டழைப்பது எதிர்சேவை. தல்லாகுளத்தில், திருவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் சூடிய மாலையை அணிந்து தங்கக் குதிரையில் ஏறுகின்றார். அவர் உடுத்திவரும் பட்டின் நிறத்தை அறிய மக்கள் துடிப்பர். பச்சையாயின் நல்ல மழையும் விளைவும் உண்டு என்பது நம்பிக்கை. சித்திரை முழுமதி நாளில், விடியற்பொழுதில் வையையில் இறங்குகின்றார். வேண்டுதல் உடையோர் தோற்பையில் நிறைத்த நீரை அவர்மீது பீய்ச்சுவர். பெண்கள் செம்பிற் சர்க்கரை நிரப்பி அதன்மேற் சுடரேற்றி நிற்பர்.

தங்கையின் திருமணத்துக்குச் சீர்வரிசையுடன் வந்த அண்ணன், ஆற்றை அடையுமுன்பே தாலி கட்டியாயிற்று எனக் கேட்டுச் சினந்து, கோயிலுக்குட் செல்லாமலே வண்டியூருக்குத் திரும்பிவிட்டார் என்று ஊரார் கதை சொல்லும். கோயில் நூல்கள் இதனை அறியா. துருவாசரின் சாபத்தால் தவளையான முனிவர் ஒருவருக்கு வீடுபேறளிக்கவே அழகர் வருகின்றார் என்பது புராணம். தாரைவார்க்கும் அண்ணனோ பவளக்கனிவாய்ப் பெருமாள். ஆயினும் மக்கள் நெஞ்சில் நிலைத்தது புராணமன்று. பிந்திவந்த அண்ணனின் கதையே. பெருங் குடும்பத்திற் பிறந்தோர்க்கு அந்த மனத்தாங்கலை விளக்கத் தேவையில்லை.

இவ்விழாவின் வடபாதியை விடாமற் காணவேண்டும் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. மீனாட்சியம்மன் கோயிலினுள் 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள், அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நிகழும் வரை, தாழ்த்தப்பட்டோருக்கு இடமில்லை. தலைமுறை தலைமுறையாக அவர்கள் மதுரைத் திருமணத்தைக் காதாற் கேட்டவர்கள், கண்ணாற் கண்டவர்களல்லர். ஆற்று மணலுக்கோ வாயிலும் இல்லை, வாயில் காப்போனும் இல்லை. சுற்றுவட்டாரக் கிராமத்தார் மாட்டு வண்டி கட்டி வந்து குவிந்தது அந்த மணலிலேதான். இன்றும் கோயில் திருமணத்துக்கு அனுமதிச் சீட்டு உண்டு. ஆற்றங்கரைக் கூட்டத்தில் நிற்பதற்கு எச்சீட்டும் வேண்டியதில்லை.

ஆனால் அந்த ஆறு? வருசநாட்டு மலையிற் பிறக்கும் வையை, ஆண்டின் பெரும்பகுதியில் மதுரையிடத்து மணலும் புதருமாகக் கிடப்பது. 1895ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பெற்ற பெரியாற்று அணையின் நீர் மலையைக் குடைந்து இதனோடு சேர்க்கப்பட்டது. 1959ஆம் ஆண்டிற் திறக்கப்பெற்ற வையை அணை, ஏறத்தாழ 70 கிலோமீற்றர் மேலே அதனைத் தேக்குகின்றது. அழகர் கால் நனைக்கும் நீர் நாட்கணக்கிட்டு அங்கிருந்து திறந்துவிடப்படுவது. அணை வற்றிய ஆண்டுகளில் ஆற்றுமணலிற் குழி தோண்டி நீர் நிரப்பியதும் உண்டு. பரிபாடற் புலவர் புதுப்புனல் விழாவெனக் கொண்டாடிய வையை, இன்று உழவர், குடிநீர், விழா என்று பங்கிட்டு அளக்கப்படும் நீராகிவிட்டது. திருவிழா நாளில் பாலத்தின்மீது நின்று பார்ப்போர், அவ்வோடை எங்கிருந்து வருகின்றது என்பதையும் எண்ணிப்பார்த்தல் தகும்.

தொற்றுநோய்க் காலமான 2020, 2021ஆம் ஆண்டுகளில் ஆற்றில் இறங்கும் விழாவே இல்லை. 2021இல் அழகர்கோயில் வளாகத்தினுள்ளே சிறு நீர்நிலை அமைத்து, அதில் இறங்கச் செய்தனர். 2022ஆம் ஆண்டில் தடை நீங்கியதும் மக்கள் முன்னிலும் பெருகி வந்தனர். அந்நெரிசலில் இருவர் உயிரிழந்தனர். குழந்தைகளுடனும் முதியோருடனும் செல்வோர் இறங்கும் நேரத்தில் ஆற்றினுள் முண்டுதல் ஆகாது. முந்திய நாள் எதிர்சேவையிலோ, மறுநாளிரவு இராமராயர் மண்டபத்தில் விடியவிடிய நடக்கும் தசாவதாரக் காட்சியிலோ அழகரை ஆறுதலாகக் காணலாம். மதுரையின் பழையவர்கள் பலர் விரும்புவதும் அவ்விரவையே. கரையோரம் பாய் விரித்து, பருத்திப்பால் அருந்தி, ஒவ்வோர் அவதாரத்துக்கும் எழுந்து நின்று பார்த்துவிட்டு மீண்டும் சாய்வர். அதன்பின் பூப்பல்லக்கு, பின் மலைக்குத் திரும்புதல்.

சித்திரையைத் தவறவிட்டோர்க்கு வைகாசி உண்டு. கோயிலின் கீழைக் கோபுரத்துக்கு எதிரேயுள்ள புதுமண்டபத்தின் உண்மைப் பெயர் வசந்த மண்டபம். வசந்த விழாவுக்கெனவே திருமலை நாயக்கர் அதனைக் கட்டினார். சுற்றிலும் அகழிபோன்ற வாய்க்கால் வைத்து, அதில் நீர் நிரப்பினால் உள்ளே காற்று குளிரும்படி அமைத்திருக்கின்றார். நெடுங்காலம் தையற்காரரும் பாத்திரக்காரரும் புத்தகக்காரரும் அங்குக் கடை வைத்திருந்தனர். அண்மையில் அக்கடைகள் அருகிலுள்ள குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. நாயக்க மன்னரின் கற்சிலைகள் நிரைத்து நிற்கும் அத்தூண்களின் நடுவே, வைகாசி மாலைகளில் அம்மையும் அப்பனும் வந்து அமர்வர்.