இரு கோடை காணும் கடல்

தூத்துக்குடியை அடுத்த முத்தையாபுரத்து உப்பளங்களுக்குக் கிழக்கே விரியும் மன்னார் வளைகுடாவின் மேற்பரப்பு நீர், ஆண்டுக்கு ஒரு முறை சூடேறி ஒரு முறை குளிர்வதோடு அடங்குவதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் 30 பாகை செல்சியசைத் தொட்டும் தாண்டியும் செல்லும் அதன் வெப்பநிலை, தென்மேற்குப் பருவக்காற்றின்போது இறங்கி, அக்டோபரை ஒட்டிச் சற்றே மீண்டு, மார்கழி, தை மாதங்களில் மறுபடியும் தாழ்கிறது. இந்த இரட்டை ஏற்றஇறக்கத்தைச் சில எண்களுக்குள் அடக்கிக் காட்டும் முயற்சியையே கடலியலாளர் பருவகால மாதிரியாக்கம் என்பர்.

தூத்துக்குடி ஏறத்தாழ 8.8 பாகை வடக்கு அட்சரேகையில் அமைந்திருப்பதால், ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும் என ஆண்டில் இரு முறை கதிரவன் அதன் உச்சிக்கு நேரே வருகிறது. வெயில் மட்டுமே கணக்கென்றால் இரண்டு உச்சங்களும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் அமைந்திருக்கும். அவ்வாறு அமையாமைக்குப் பெரிதும் காற்றே காரணம். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே சீறி வரும், மீனவர் கச்சான் என்றழைக்கும் காற்று, நீரை ஆவியாக்கி வெப்பத்தைப் பறிப்பதோடு, மேல்நீரைக் கலக்கி அடியிலுள்ள குளிர்நீரையும் மேலே கொணர்கிறது.

இவ்வாறு கலங்கி ஒரே வெப்பநிலையில் நிற்கும் மேல்நீருக்குக் கலப்பு அடுக்கு என்று பெயர். மாதிரியின் உயிர்நாடி அதன் தடிமன்தான். ஒரு சதுர மீட்டர் கடற்பரப்பு, ஆவியாதல் முதலிய இழப்புகள் போக, 50 வாட் வீதம் ஒரு மாதம் வெப்பம் பெற்றால், 10 மீட்டர் தடிமனுள்ள அடுக்கு ஏறத்தாழ 3 பாகை சூடேறும். அதே வெப்பம் 30 மீட்டர் அடுக்கில் பரவினால் 1 பாகையோடு நின்றுவிடும். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட அமைதியான மாதங்களில் அடுக்கு மெலிந்து நீர் விரைந்து சூடேறுவது இதனால்தான். முத்துக்குளிப்புக்கு மார்ச், ஏப்ரலையொட்டிய நாட்களைத் தேர்ந்ததற்கும் இந்த அமைதியே அடிப்படை என்பதால், கடைசியாக 1961இல் தூத்துக்குடியில் நடந்த அத்தொழிலின் நாட்காட்டியும் கடல்நீரின் ஆண்டு வெப்பநிலையைக் காட்டும் கோடும் ஒரே காற்றின் ஓய்வைக் குறிக்கின்றன எனலாம்.

இயற்பியலுக்குள் நுழையாமல் பழைய அளவீடுகளை மட்டும் கொண்டு மாதிரி அமைப்பதும் உண்டு. வெப்பம் பரவும் முறையை ஆராய்ந்த பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபூரியே 1822இல் வெளியிட்ட நூலில் விரிவாக்கிய முறைப்படி, ஓர் ஆண்டுச் சராசரியின் மீது பன்னிரு மாத அலை ஒன்றையும் ஆறு மாத அலை ஒன்றையும் ஏற்றி, ஒவ்வோர் அலையின் உயரத்தையும் உச்சநாளையும் கணித்தால், ஐந்தே எண்களில் ஆண்டு முழுமையும் வரையப்படுகிறது. மிதவெப்ப நாட்டுக் கடல்கள் பலவற்றுக்கு முதல் அலை மட்டுமே பெரும்பாலும் போதும். அதனை அப்படியே இங்குப் பொருத்தினால் ஆடிக் குளிர்ச்சி கோட்டிலிருந்து காணாமற்போகும்.

அளவீடுகள் கிடைப்பதும் எளிதன்று. அகச்சிவப்புக் கதிர்களால் அளக்கும் செயற்கைக்கோள், நீரின் மேல்தோலை மட்டுமே உணர்கிறது. பருவமழை மேகம் மூடினால் அதுவும் இல்லை. 2,000 மீட்டர் வரை மூழ்கி எழும் ஆர்கோ மிதவைகளுக்கோ ஆழம் குறைந்த இக்கரையில் இடமே இல்லை.

ஆயினும் இந்த வெப்பநிலைக் கோடு துல்லியமாக அமைவதில் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகளின் நலன் அடங்கியுள்ளது. பவள உயிரிகள், தம்முள் வாழ்ந்து உணவளிக்கும் நுண்பாசிகளை வெப்பம் மிகும்போது இழந்து வெளிறுகின்றன; 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இங்கு அது நேர்ந்தது. வழக்கமான மிகவெப்ப மாதத்தின் சராசரியைக் காட்டிலும் 1 பாகை கூடுவதையே அபாய எல்லையாகக் கொள்வது உலக வழக்கு. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையமும் செயற்கைக்கோள் அளவீடுகளைக் கொண்டு வெளிறல் எச்சரிக்கை விடுக்கிறது. வழக்கம் எது என்பதை எந்த ஆண்டுகளைக் கொண்டு வரையறுப்பது என்பதில்தான் சிக்கல்: கடல் ஏற்கெனவே சூடேறிய அண்மை ஆண்டுகளை அடிப்படையாகக் கொண்டால் எல்லையும் உயர்ந்துவிடுவதால், பழைய கணக்கில் அபாயமாகத் தெரிந்த அதே மே மாத நீர், புதிய கணக்கில் இயல்பானதாகப் பதிவாகும்.