கொடியத்தியின் இரு பருவங்கள்

சிங்கப்பூரின் மேம்பாலத் தூண்களிலும் சாலையோரத் தடுப்புச் சுவர்களிலும் பச்சைப் பாய் ஒட்டினாற்போலப் படர்ந்திருக்கும் சிற்றிலைக் கொடியைக் காணாதார் இலர். 1967இல் தொடங்கிய தோட்டநகர் முயற்சியை ஒட்டி, கான்கிரீட்டின் வெறுமையை மறைக்க வந்த செடிகளுள் இஃது ஒன்று. இது ஆலுக்கும் அரசுக்கும் அத்திக்கும் உறவு என்றால் பலர் வியப்பர். ஓர் இலையைக் கிள்ளினால் கசியும் வெண்பால் அவ்வுறவைக் காட்டிக்கொடுக்கும். தமிழில் இதனைக் கொடியத்தி எனலாம்.

இதன் தாயகம் சீனம், ஜப்பான், வியட்நாம் முதலிய கீழ்த்திசை நாடுகள். 1753இல் லின்னேயசு இதற்கு இட்ட பெயர் 'பைக்கசு பூமிலா' என்பது. பூமிலா என்றால் குள்ளம் என்று பொருள். இளங்கொடியை மட்டும் கண்டவர்க்கு அப்பெயர் பொருத்தமே. முதிர்ந்த கொடியைக் கண்டவர்க்கோ நகைப்பையே தரும். இக்கொடிக்கு இரண்டு உடல்கள் உண்டு.

இளம்பருவத்தில் இலை விரல்நகம் அளவே இருக்கும், மெல்லியது, சுவரோடு ஒட்டிக் கிடக்கும். கணுக்களில் தோன்றும் சிறு வேர்களே இதன் பிடிப்பு. இவ்வேர்களைச் சார்லசு டார்வின் ஆராய்ந்திருக்கிறார். கண்ணாடித் துண்டில் இவற்றை மெல்ல அழுத்தி வைத்தபோது, ஒரு வாரத்தில் தெளிந்த நீர்த்துளிகள் வெளிப்பட்டன. அவை காயத்திலிருந்து வரும் பாலைப்போல வெண்மையாக இல்லை. எளிதில் உலரவும் இல்லை. நாளடைவில் பசையாகி நூல்போல இழுபட்டன. இரப்பரை ஒத்த பொருள் அதில் உள்ளது என்பது அவர் துணிபு. இரப்பர்ப் பாலோடு தலைமுறைக் கணக்கில் உறவாடிய மலேசியத் தமிழர்க்கு இச்செய்தி புதுமையாகத் தோன்றாது.

சுவரின் உச்சியை எட்டிக் கதிரொளியில் நனைந்ததும் கொடியின் போக்கு மாறுகிறது. தடித்த கிளைகள் சுவரை விட்டு விலகி வெளியே நீள்கின்றன. அவற்றில் பற்றுவேர் இல்லை. இலை தோல்போல் தடித்து மும்மடங்கு நான்மடங்கு பெரிதாகிறது. பேரிக்காய் வடிவில் காயும் தொங்குகிறது. 'அத்தி பூத்தாற்போல' என்று நாம் சொல்வது இங்கும் பொருந்தும். பூக்களெல்லாம் காயினுள்ளேயே மறைந்துள்ளன. மகரந்தம் கொண்டுசெல்வது இதற்கென்றே அமைந்த ஒரு சிறு குளவி. ஒருவகைக் கொடியின் காயில் குளவியின் குஞ்சுகள் வளரும். மற்றொரு வகையில் விதை மட்டுமே விளையும். விதைக்காயினுள் புகும் குளவி மகரந்தத்தைச் சேர்க்கும். அங்கே முட்டையிட இயலாமல் மடியும். பண்டமாற்று என்று இதனைச் சொல்வதற்கில்லை. ஏமாற்று என்பதே தகும்.

தைவானில் வளரும் இதன் ஒரு வகையின் விதைகளைத் துணியில் கட்டி நீரில் பிசைந்தால், அடுப்பில் ஏற்றாமலே நீர் கட்டியாகிவிடும். விதையின் மேலுள்ள பெக்டின் என்னும் பொருளும், நீரிலுள்ள சுண்ணச்சத்தும் சேர்வதே காரணம். எலுமிச்சைச் சாறிட்டு உண்ணும் 'ஐயு' என்னும் குளிர்பண்டம் இதுவே.

மலேசியக் காடுகளுக்கும் சொந்தக் கொடியத்திகள் உண்டு. 'பைக்கசு வில்லோசா', 'பைக்கசு பங்டேட்டா' என்பன அவற்றுள் இரண்டு. இவையும் தரையில் முளைத்து மரத்தைப் பற்றி ஏறுவன. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் 1929 முதல் பணியாற்றிய கார்னர், உயர்ந்த மரங்களிலுள்ள மாதிரிகளைப் பறிக்கப் பெருக் குரங்குகளைப் பழக்கினார். அத்தியினத்தை ஆய்ந்தோருள் அவர் தலையாயவர்.

'அத்தியினம் வீட்டைப் பிளக்கும்' என்று அஞ்சிக் கொடியத்தியைப் பிடுங்குவார் உளர். இவ்வச்சம் ஆலையும் அரசையும் கண்டதால் வந்தது. பறவையின் எச்சத்தில் வந்த அவற்றின் விதை, சுவர் வெடிப்பில் முளைத்து, வேரை உள்ளே செலுத்திப் பருக்கும். கொடியத்தியின் பற்றுவேரோ மேற்பரப்பில் ஒட்டுவது. உறுதியான சுவருக்கு அதனால் பெருந்தீங்கில்லை. ஆயின் காரை உதிர்ந்த பழஞ்சுவரிலும் மரவீட்டிலும் இதனை ஏற்றுவது தவறு. ஈரம் தங்கும், வெடிப்பும் விரியும். வண்ணம் பூசிய சுவரிலிருந்து பிடுங்கினால் வண்ணமும் உரிந்து வரும். வேரின் தழும்பு நிற்கும். இதனை நடுமுன் எண்ண வேண்டும்.

நடுவது எளிது. இளங்கொடியில் ஒரு சாண் துண்டு வெட்டி, ஈர மண்ணில் நிழலில் வைத்தால் வேர் பிடிக்கும். முதலாண்டில் தயங்கும், பின்னர் விரையும். சுவரை விட்டு நீளும் கிளையைக் கண்டதும் கத்தரித்துவிட வேண்டும். விட்டுவிட்டால் கனத்த கிளை காற்றில் ஆடி, கீழுள்ள படர்ச்சியையும் உரித்துக்கொண்டு விழும். வெட்டும்போது பால் கையில் படாமல் காத்தல் நன்று. சிலர்க்கு அது தோலை எரிக்கும். காய்க்கும் கிளையை வெட்டி நட்டால் கொடியாகாது. அது பற்றி ஏறாமல் புதராகவே நிற்கும். 'நட்டது சுவரில் ஏறவில்லையே' என்று வருந்துவோர் பலரும் நட்டது அத்தகைய கிளையாகவே இருக்கும்.