இழுவை வீடு வாங்கப் போனேன், வாகனத்தையும் மாற்றிக்கொண்டு வந்தேன்

ஹைபிரிட் என்றதும் நம் நாட்டு வாசகர்களுக்கு அக்குவாவும் பிரியஸும் வெசலும்தான் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்ல வருகின்ற ஹைபிரிட்டுக்கு இயந்திரமே கிடையாது. வாகனத்தின் பின்னால் கொளுவி இழுத்துச் செல்லும் சிறு வீடு அது. நடுவில் சுவர், இரண்டு முனைகளிலும் சீலைக் கூடாரம். அதனால்தான் அந்தப் பெயர்.

மாவனல்லையிலிருந்து கனடாவுக்கு வந்து நான் மிசிசாகாவில் குடியேறிப் பதினான்கு வருடங்களாகின்றன. இங்கே ஜூன் பிற்பகுதியில் பாடசாலை விடுமுறை தொடங்கினால் குடும்பங்கள் ஏரிக்கரைகளுக்கும் காட்டுப் பூங்காக்களுக்கும் புறப்பட்டுவிடும். ஆறு பேர் கொண்ட எமது குடும்பத்துக்கு ஹோட்டலில் இரண்டு அறை எடுக்க வேண்டும். ஒரு இரவுக்கு 300 டொலருக்குக் குறையாது. சாப்பாட்டுப் பிரச்சினை வேறு. நுவரெலியாவுக்கு வேன் பிடித்துப் போய் வழியில் பாய் விரித்து, சட்டியை அடுப்பில் ஏற்றிச் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு, நாமே சமைத்துக்கொள்ளும் பயணம்தான் பயணம்.

2015இல் 3,200 டொலருக்கு ஒரு பழைய பொப்-அப் வாங்கினேன். 2002ஆம் ஆண்டின் கோல்மன். அக்காலத்தில் பென்சில்வேனியாவின் சமர்செட் நகரிலிருந்த தொழிற்சாலையில் அவை செய்யப்பட்டன. 2011இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. பொப்-அப் என்பது பெட்டி போன்றது. கைப்பிடியைச் சுற்றினால் கூரை எழும்பும், இருபக்கமும் கட்டில்களை இழுத்துவிட்டுச் சீலையைக் கொளுவ வேண்டும். எடை குறைவு, உயரம் குறைவு. எமது டொயோட்டா சியன்னா வேனின் பின்னால் அது இருப்பதே தெரியாது. எட்டு வருடங்கள் பிள்ளைகளை அதில்தான் கூட்டித் திரிந்தேன்.

2022 ஓகஸ்டில் ஊரிலிருந்து உம்மா வந்திருந்தார். வயது 71, இரண்டு முழங்கால்களிலும் வாதம். அல்கோன்குயின் பூங்காவில் மூன்று இரவுகள். இரண்டாம் இரவு நல்ல மழை. கட்டில் இடுப்பளவு உயரம், மலசலகூடம் 150 யார் தூரத்தில். நடு இரவில் உம்மாவைக் குடை பிடித்துக் கூட்டிச் சென்று திரும்புகையில் சேற்றில் அவருடைய கால் வழுக்கிவிட்டது. அடி ஒன்றும் படவில்லை. ஆனால் காலையில், "மகன், இந்தக் கூட்டுக்குள்ள இனி எனக்கு ஏற ஏலாது. நீங்க போங்க, நான் வீட்ட இருக்கன்" என்றார். எந்தக் குறையும் சொல்லாத மனுசி அவர். அதனால்தான் அந்தச் சொல் எனக்குச் சுட்டது.

வீடு திரும்பி நனைந்த சீலையை முற்றத்தில் விரித்துக் காயவைத்தபோது முடிவெடுத்தேன். ஈரத்தோடு ஓரிரு நாள் மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், பிறகு அந்த மணம் போகாது. உள்ளே மலசலகூடமும், ஏறாமலே உட்காரக்கூடிய கட்டிலும் இருக்கின்ற ஒன்றை வாங்க வேண்டும் என்று எண்ணினேன்.

முழுச் சுவர் கொண்ட இழுவை வீட்டில் ஆறு பேர் தூங்குவதென்றால் ஏறத்தாழ 26 அடி நீளம் தேவை. அதை இழுக்கப் பெரிய லொறி தேவை. ஹைபிரிட்டில் கட்டில்கள் முனைச் சுவர்களுக்குள் மடிந்திருக்கும். பூங்காவில் நிறுத்தியதும் அச்சுவரைக் கதவு போலக் கீழே சாய்த்தால் அதுவே கட்டிலின் தளமாகும், மேலே சீலை. ஆகவே 18 அடிக்குள் ஆறு பேர் தூங்கலாம். நடுவில் குசினி, குளிர்சாதனப் பெட்டி, மலசலகூடம், மேசையை மடித்தால் தாழ்வான இன்னொரு கட்டில். உம்மாவுக்கு அந்தத் தாழ்வான கட்டில் என்று மனதில் எழுதிக்கொண்டேன்.

2023 ஜனவரியில் ஒரு விற்பனை நிலையத்துக்குப் போனேன். புதிய ஹைபிரிட், 38,000 டொலர். 13 வீத வரியுடன் 42,940. எனது பொப்-அப்பை எடுத்துக்கொண்டு 1,000 டொலர் கழிப்பதாகச் சொன்னார்கள். "என் வேன் இதை இழுக்குமா?" என்று கேட்டேன். விற்பனையாளர் சிரித்த முகத்துடன், "உங்கள் வேன் 3,500 இறாத்தல் இழுக்கும். இதன் நிறை 3,350. தாராளமாக இழுக்கும்" என்றார். நானும் 1,000 டொலர் முற்பணம் கட்டிவிட்டேன். மீதியைப் பதினைந்து வருடத் தவணையில் கட்டலாம் என்று ஒரு தாளை நீட்டினார். வட்டிக்கு எடுப்பதில்லை என்று சொல்லித் தாளை மட்டும் வாங்கி வந்தேன். வீட்டில் கணக்குப் பார்த்தேன். 40,000 டொலரை 8 வீதத்தில் 15 வருடத்துக்கு எடுத்தால் மாதம் 382 டொலர். கட்டி முடிக்கையில் 68,800 டொலர் போயிருக்கும். அந்தப் பதினைந்து வருடத்தில் வீட்டின் பெறுமதி தேய்ந்து தேய்ந்து கால்வாசி மிஞ்சினால் பெரிய விடயம்.

அன்று மாலை எனது மனைவியின் தம்பி வந்தார். பார ஊர்தி ஓட்டுபவர். தாளைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "மச்சான், இந்த 3,350 வெறும் வீடா, சாமான் ஏத்தின வீடா?"

விற்பனையாளர் சொன்னது உலர் நிறை. தொழிற்சாலையிலிருந்து வெறுமையாக வெளிவரும்போது உள்ள எடை. அதில் தண்ணீர் இல்லை, பெற்றரி இல்லை, சட்டி பானை, அரிசி, போர்வை எதுவும் இல்லை. ஒரு அமெரிக்கக் கலன் தண்ணீர் 8.34 இறாத்தல். 30 கலன் தாங்கியை நிரப்பினால் 250 இறாத்தல். காஸ் சிலிண்டர் இரண்டு, பெற்றரி, பிள்ளைகளின் சைக்கிள், எமது சாமான் என்று கூட்டினால் 4,200 தாண்டியது. தகட்டில் பொறித்திருந்த உச்ச மொத்த நிறையோ 4,500. வாங்கும்போது பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணைத்தான்.

அத்தோடு முடியவில்லை. வேன் சாரதியின் கதவைத் திறந்து, சட்டத்தில் ஒட்டியிருந்த சிறு தாளைக் காட்டினார். ஆட்களும் சுமையும் சேர்ந்து 1,160 இறாத்தலுக்கு மேற்படக்கூடாது என்றிருந்தது. நாங்கள் ஆறு பேரும் 750. மீதி 410. இழுவை வீட்டின் நிறையில் 10 முதல் 15 வீதம் வரை கொளுவும் முனையில் அழுத்த வேண்டும். குறைந்தால் வீடு பாம்பு போல வளைந்து ஆடும். 4,200இல் 12 வீதம் 504. ஆக இழுப்பதிலும் மிஞ்சுகிறது, சுமப்பதிலும் மிஞ்சுகிறது. மேட்டில் ஏறுவது பெரிய காரியமில்லை, பள்ளத்தில் நிறுத்துவதுதான் காரியம் என்றார் மச்சான். இன்னொன்றையும் சொன்னார். பொப்-அப் வேனுக்குப் பின்னால் பதுங்கி வரும். ஹைபிரிட்டோ பத்தடி உயரச் சுவர், முழுக் காற்றையும் அதுதான் வாங்கும்.

மறுநாள் முற்பணத்தைத் திருப்பிக் கேட்டேன். திருப்பித் தரப்படாது என்று சிறிய எழுத்தில் இருந்தது, நான் வாசிக்கவில்லை. இரண்டு வாரம் நடந்து 500 டொலர் வாங்கினேன்.

அதன் பிறகு அவசரப்படவில்லை. அவசரப்படாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. கொரோனா காலத்தில் எல்லோரும் இவற்றை வாங்க ஓடினார்கள். இத்தொழிலின் தலைநகரம் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள எல்க்ஹார்ட் பகுதி. 2021இல் வட அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து 6 இலட்சத்து 240 பொழுதுபோக்கு வாகனங்கள் வெளியேறின. அதுவரை காணாத தொகை. 2023இல் அது 3 இலட்சத்து 13 ஆயிரமாகச் சரிந்தது. ஆசையில் வாங்கியவர்கள் விற்கத் தொடங்குவார்கள், காத்திருந்தால் விலை இறங்கும் என்று கணக்குப் போட்டேன். ஹைபிரிட்டைப் புதிதாகச் செய்பவர்கள் இப்போது மிகச் சிலரே என்பதால் ஜேய்கோவின் ஜேய் பெதர், பொரஸ்ட் ரிவரின் ரொக்வுட் ரூ போன்றவற்றின் பழைய வண்டிகளையே தேடினேன்.

முதலில் பார்த்தது 2011ஆம் ஆண்டு வண்டி, 9,500 டொலர். வெளியே பளபளவென்று இருந்தது. மெத்தையைத் தூக்கி மூலையில் பெருவிரலால் அழுத்தினேன், பலகை பாண் துண்டு போல உள்ளே போனது. ஹைபிரிட்டின் பலவீனமே இந்த இடம்தான். முனைச் சுவர் கதவு போலத் திறந்து மூடுவதால் அதன் விளிம்பிலுள்ள றப்பர் காய்ந்து வெடிக்கும், மழைநீர் ஒழுகும், உள்ளே மரச்சட்டம் உக்கும். வெளிச்சுவர் கொப்புளம் போல வீங்கியிருந்தாலும் அதே நோய்தான். நான் கைவைத்துக் காட்டியதும் உரிமையாளர் 2,000 டொலர் குறைத்தார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆறு மாதத்தில் ஏழு வண்டிகள் பார்த்தேன். நான்கில் இதே கதை.

இதற்கிடையில் வாகனத்தை முதலில் தீர்த்துக்கொண்டேன். சியன்னாவை விற்று, இழுவைப் பொதியுடன் கூடிய 2016ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலாண்டர் வாங்கினேன். அது 5,000 இறாத்தல் இழுக்கும். கையிலிருந்து போட்டது 9,000 டொலர். மனைவிக்கு இதில் மனவருத்தம்தான். வேனின் இழுத்துத் திறக்கும் கதவைப் போல வசதி எதிலும் வராது என்பது அவருடைய கட்சி. அது உண்மையும்கூட.

2023 ஒக்டோபரில் சரியான வண்டி கிடைத்தது. குளிர்காலத்துக்கு முன் விற்காவிட்டால் தரிப்பிட வாடகை கட்ட வேண்டும் என்பதால் அந்த மாதத்தில் உரிமையாளர்கள் இறங்கி வருவார்கள். 2014ஆம் ஆண்டு, 18 அடி, கேட்டது 15,500. மூலைகள் உறுதி. கூரையில் இணைப்புகளை வருடாவருடம் பூசியிருந்தார்கள். டயரின் பக்கத்தில் 3513 என்றிருந்தது, 2013இன் 35ஆவது வாரம். தேயாத டயர்தான், ஆனால் பத்து வயது. இழுவை டயரை ஐந்தாறு வருடத்தில் மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் வெடிக்கும். அதைக் காட்டி 13,800க்கு முடித்தேன். டயர், கொளுவி, பிரேக் கட்டுப்படுத்தி எல்லாம் சேர்த்து இன்னும் 1,100. ஒன்டாரியோவில் 1,360 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெயிலருக்குத் தனிப் பிரேக் கட்டாயம்.

பொப்-அப்பைத் தனியாக 3,000 டொலருக்கு விற்றேன், விற்பனை நிலையம் சொன்னதைப் போல மூன்று மடங்கு. எட்டு வருடம் பாவித்து 200 டொலர்தான் நட்டம். ஆக மொத்தத்தில் இந்த மாற்றத்துக்கு, இழந்த முற்பணம் 500 உட்பட, எனக்குச் சென்றது 21,400 டொலர். இதில் வாகனத்துக்குப் போன பங்கைத்தான் நான் தொடக்கத்தில் எண்ணவே இல்லை.

இலாபமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வருடத்துக்கு 18 இரவுகள் போகிறோம். ஹோட்டலோடு ஒப்பிட்டால் தரிப்பிடம், காப்புறுதி, மேலதிக எரிபொருள் கழித்து 3,000 டொலர் அளவில் மிஞ்சும், ஏழு வருடத்தில் முதல் திரும்பும். ஆனால் உள்ளதைச் சொன்னால், ஹோட்டலென்றால் நாங்கள் 18 இரவுகள் போகவே மாட்டோம். ஆகவே இது இலாபக் கணக்கல்ல, செலவுக் கணக்கு. பொப்-அப் கராஜுக்குள் நுழைந்தது, இது நுழையாது. தரிப்பிடத்துக்கு மாதம் 65 டொலர். பனிக்காலத்துக்கு முன் குழாய்களில் உறையாத் திரவம் ஏற்ற வேண்டும், மறந்தால் வெடித்துவிடும்.

இன்னொரு விடயத்தையும் வாங்குபவர்கள் அறிந்திருக்க வேண்டும். கரடி நடமாடும் சில இடங்களில் முழுச் சுவர் வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. அமெரிக்காவின் யெலோஸ்டோனில் பிஷிங் பிரிட்ஜ் முகாம் அப்படி. எமது ஹைபிரிட் எவ்வளவு சுவர் வைத்திருந்தாலும் அங்கே அது கூடாரம்தான்.

2024 ஜூலையில் உம்மா மறுபடி வந்தார். புறப்படுமுன் பார ஊர்திகள் நிறுக்கும் தராசில் ஏற்றினோம். வீடு 3,780 இறாத்தல், முனை அழுத்தம் 410. ஹைலாண்டர் கதவிலுள்ள தாள் 1,290 என்கிறது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் ஆட்கள் 780. கொளுவும் இரும்பு 60. மிஞ்சியது 40 இறாத்தல். சைக்கிள்கள் வீட்டிலேயே நின்றன, தண்ணீர்த் தாங்கியைப் பூங்காவில்தான் நிரப்பினோம். தாராளமான கணக்கல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அல்கோன்குயினில் அந்த முறையும் மழை. பிள்ளைகள் முனைக் கூடாரங்களில், உம்மா நடுவில் தாழ்வான கட்டிலில். இரவு எழுந்து நான்கு எட்டு வைத்து மலசலகூடம் போய் வந்து படுத்துக்கொண்டார், என்னை எழுப்பவில்லை. காலையில் கேட்டபோது, "குளிர்தான் கொஞ்சம்" என்றார்.

ஞாயிறு வீடு திரும்பியதும் இரண்டு முனைகளையும் முற்றத்தில் திறந்து சீலையைக் காயவைத்தேன். அந்த வேலை மட்டும் பொப்-அப் காலத்தில் இருந்தபடியே இருக்கிறது.