பல்லிக்குப் பசை எதற்கு?

திருவாலங்காடு வடாரண்யேஸ்வரர் கோயிலின் ரத்தின சபையில் நடராஜர் ஒரு காலை வானோக்கித் தூக்கி ஆடுகிறார். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்த மண் என்று திருஞானசம்பந்தர் கால்வைக்கத் தயங்கிய ஊரும் இதுதான். காலுக்கு இவ்வளவு கதை உள்ள ஊரில், விதானத்தில் தலைகீழாக ஓடும் பல்லியின் காலை யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்? தலையில் விழுந்தால் மட்டும் பஞ்சாங்கத்தைப் புரட்டுவோம். விழாமல் இருப்பதற்குப் பலன் எழுதியவர் யாருமில்லை.

பல்லியின் பாதத்தில் பசை சுரக்கும் சுரப்பி கிடையாது. கரடுமுரடான கல்லில் நகம் கைகொடுக்கும்; ஜன்னல் கண்ணாடியில் நகத்துக்கு வேலையே இல்லை. கண்ணாடியின் மறுபக்கம் நின்று பார்த்தால், விரலடியில் குறுக்குக் குறுக்காக மடிப்புகள் தெரியும். அவற்றில்தான் சங்கதி. நம் வீட்டுப் பல்லிக்குப் பெரிய உறவான டோக்கே பல்லிக்கு ஒரு பாதத்தில் சுமார் 5 லட்சம் நுண்மயிர்கள். ஒவ்வொரு மயிரும் நுனியில் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிந்து, சுமார் 0.2 மைக்ரான் அகலமுள்ள தட்டை நுனிகளாக முடிகிறது. அவ்வளவு நெருக்கமாகச் சுவரைத் தொடும்போது, மூலக்கூறுகளுக்கு இடையிலான வான் டெர் வால்ஸ் விசையே போதுமானதாகிவிடுகிறது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கெல்லர் ஆட்டம் குழுவினர் ஒற்றை மயிரின் பிடியை அளந்தார்கள்: சுமார் 200 மைக்ரோநியூட்டன், அதாவது 20 மில்லிகிராம் எடையைத் தாங்கும் விசை. லட்சக்கணக்கில் பெருக்கிப் பாருங்கள்.

இப்படிப் பிடித்தால் அடுத்த அடி வைப்பது எப்படி? எனக்கு இதுதான் பெரிய வியப்பு. மயிரை லேசாக அழுத்தி, ஒரு பக்கமாகச் சற்றே இழுத்தால் பிடிக்கும். சுவரோடு அது சேரும் கோணம் 30 பாகையைத் தாண்டினால் தானாக விட்டுவிடும். அதனால் பல்லி காலைப் பிய்த்து எடுப்பதில்லை. விரல்களை நுனியிலிருந்து மேல்நோக்கிச் சுருட்டுகிறது. மயிர்கள் வரிசை வரிசையாகக் கழன்றுகொள்கின்றன. எல்லாம் சில மில்லிசெகண்டுகளில் முடிந்துவிடும்.

நம் பசைகளுக்கு இந்தச் சாமர்த்தியம் போதாது. குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டு நாலாம் நாள் நெற்றியில் நிற்காது. தூசியும் எண்ணெயும் அதன் பசையை மூடிவிடுகின்றன. பல்லியின் மயிர்களோ நடக்க நடக்கத் தூசியை உதறிவிடும். அந்த மயிர்களைப் பிளாஸ்டிக்கில் உருவாக்கிப் பார்த்தார்கள்: 2003-இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கைம் குழு செய்த நாடா நன்றாகவே ஒட்டியது, ஆனால் சில முறைக்குப் பிறகு மயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சடைபிடித்துவிட்டன.

கான்பூர் ஐஐடியில் அபிஜித் மஜும்தார், அனிமாங்சு கட்டக், அசுதோஷ் சர்மா மூவரும் வேறு பக்கம் திரும்பினார்கள். எல்லாரும் பாதத்தின் மேற்பரப்பையே பார்க்கிறார்களே, தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது? பூச்சிகள் உள்ளிட்ட பல உயிர்களின் பாதங்களுக்குள் நுண்குழாய்ப் பின்னல் உண்டு. மென்மையான ரப்பர் படலத்துக்குள் மெல்லிய குழாய்களைப் பதித்து, சிலவற்றில் காற்றும் சிலவற்றில் எண்ணெயும் நிரப்பினார்கள். ஒட்டும் திறன் சுமார் 30 மடங்கு வரை ஏறியது. 2007-இல் ‘சயின்ஸ்’ இதழ் அதை வெளியிட்டது.

காரணம் இது. ஒட்டிய பொருள் பிரிய வேண்டுமானால், ஓரத்தில் ஒரு விரிசல் தொடங்கி ஓட வேண்டும். குழாய் இருக்கும் இடத்துக்கு வந்ததும் அந்த விரிசல் நின்றுவிடுகிறது. மறுபடி கிளப்பப் புதிதாக இழுக்க வேண்டும். எண்ணெயின் பரப்பு இழுவிசையும் தன் பங்குக்கு உதவுகிறது. படலத்தின் தடிமன், குழாயின் விட்டம், இடைவெளி, ஆழம் எதை மாற்றினாலும் பிடி மாறும். மயிர் முளைக்க வைப்பதைவிட இது எளிய வழி என்றே எனக்குப் படுகிறது.

ஆனாலும் முதியவர்களின் மெல்லிய தோலில் ஒட்டும் பிளாஸ்டருக்கு இது மட்டும் போதாது. குழாய் வைத்த படலம் உரிக்க உரிக்க எதிர்க்கும். அங்கே வேண்டியது பல்லியைப் போல, கோணம் மாறியதும் வலிக்காமல் விடும் பிடி.