சலூனில் நடந்த சிகிச்சை

மருந்தின் குணத்தை நிறுத்தும் அளந்தும் ஆராய்கிற வைத்திய சாஸ்திரம், அம்மருந்தைச் சாப்பிடச் சொல்லுகிறவரிடம் ஜனங்களுக்கு எவ்வளவு விசுவாசம் உண்டு என்பதை வெகுகாலம் பொருட்படுத்தியதில்லை. பல இனத்தவரும் பல பாஷைக்காரரும் கலந்து வாழும் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் நடந்து, 2018-இல் பிரசுரமான ஒரு பரிசோதனை அந்தக் குறையை ஓரளவு நீக்கியது.

அமெரிக்கக் கறுப்பின ஆண்களிடையே இரத்தக் கொதிப்பு மிகுதி. அதை அடக்கும் மாத்திரைகளோ பழகியவை, நிச்சயமாகப் பலனளிப்பவை. இருந்தும் அவர்களில் பலர் வைத்தியரை நாடத் தயங்கினர். இதை அறியாமை என்று ஒதுக்குவது சுலபம், நியாயமன்று. அலபாமா மாகாணத்து டஸ்கீகியில், 1932 முதல் 1972 வரை, அரசாங்கத்தின் பொதுச் சுகாதார இலாகாவே, மேகநோய் கண்ட 399 கறுப்பின ஏழைகளிடம் நோயின் பெயரையும் மறைத்து, ஆஸ்பிரினையும் இரும்புச் சத்து டானிக்கையும் சிகிச்சையென்று கொடுத்து, பெனிசிலின் எங்கும் வழக்கத்துக்கு வந்த பின்னரும் அதை மறுத்து, நோய் முற்றுவதைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தது. ஜனாதிபதி கிளின்டன் மன்னிப்புக் கேட்டது 1997-இல்தான். இத்தகைய சரித்திரத்தை அறிந்தவனுடைய சந்தேகத்தை மூடத்தனம் என்பது எப்படி?

ஆகவே, இரத்த அழுத்த நிபுணர் ரொனால்ட் விக்டரும் சகாக்களும் கறுப்பினத்தார் நடத்திய 52 சலூன்களைத் தேர்ந்துகொண்டார்கள். ஆறு வாரத்துக்கு ஒரு முறையேனும் தவறாமல் வந்து, பழகிய கைக்குத் தலையைக் கொடுத்து, உலக விவகாரமெல்லாம் பேசித் தீர்க்கிற வாடிக்கைக்காரர்களில், இரத்த அழுத்தம் 140-க்குக் குறையாத 319 பேர் இதில் சேர்ந்தனர். சில கடைகளில், உணவைத் திருத்திக்கொள்ளும்படியும் டாக்டரைப் பார்க்கும்படியும் முடிதிருத்துபவர் புத்தி சொன்னதோடு சரி. மற்றக் கடைகளிலோ, அவர் சொல்லை நம்பிச் சம்மதித்தவர்களைப் பயிற்சி பெற்ற மருந்தாளர் அங்கேயே வந்து சந்தித்து, கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்து, இரத்தத்தின் உப்புகளையும் அவ்விடத்திலேயே சோதித்து, அவரவர் டாக்டரின் இசைவோடு மாத்திரையும் எழுதிக்கொடுத்தார்.

ஆறு மாதத்துக்குப் பின், மருந்தாளர் வந்த கடைகளில் சராசரி அழுத்தம் 27 புள்ளி இறங்கி 126-க்கு வந்தது. புத்திமதி மட்டும் கிடைத்த கடைகளில் 9 புள்ளிதான் இறங்கிற்று. 130-க்கு 80 என்ற இலக்கை எட்டியவர்கள் முன்னதில் நூற்றுக்கு 64 பேர். பின்னதில் 12 பேர்.

இதை விசுவாசத்தின் வெற்றி என்று கொண்டாடுகிறவர்கள், இரண்டு வகைக் கடையிலும் பேசியவர் அதே நம்பிக்கைக்குரிய முடிதிருத்துபவர்தாம் என்பதை மறந்துவிடுகிறார்கள். நம்பிக்கை அந்த மனிதர்களைச் சம்மதிக்க வைத்தது; கொதிப்பை இறக்கியது மாத்திரையும், அதைக் கடைக்கே கொண்டுவந்த ஏற்பாடும். ஜனங்கள் மதிக்கிற நாலு பேர் கையில் துண்டுப் பிரசுரத்தைத் திணித்துவிட்டால் சுகாதாரப் பிரசாரம் முடிந்தது என்றெண்ணும் நகர அதிகாரிகள், அந்த 9-ஐயும் 27-ஐயும் அடுத்தடுத்து எழுதிவைத்துக்கொண்டு தம் திட்டத்தை மறுபடி ஒரு முறை படித்துப் பார்ப்பது நலம்.